சுண்டுவிரல்

ஐஸ் கம்பெனிக்கு எதிரே தகரக் கொட்டகை.
ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு கைரேகை மெஷின், நான்.
ஐந்தாம் தேதி என்றால்
மண்டபத்தின் தெற்குக் கடலோரத்துப் பிள்ளைகள்
பத்து மணிக்கே வந்துவிடுகிறார்கள்.
படிப்பும் இல்லை வேலையும் இல்லை என்று
எழுதிக் கொடுத்தவர்கள்.
பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள்.
ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, பன்னிரண்டு மாதம்,
கேள்வி கிடையாது.
இது ஏழாவது மாதம்.

கேள்வி கிடையாது என்பதைத்தான்
ஊரால் தாங்க முடியவில்லை.
அருளப்பன் மாமா வண்டியை நிறுத்திக் கேட்டார்,
'சும்மா இருக்கறதுக்குச் சம்பளமா?'
தடைக்காலத்தில் அவர் வீட்டுக்கும் பணம் வருகிறது,
மீனைச் சும்மா விட்டதற்கு.
நான் சொல்லவில்லை.
ஏஜெண்ட் வாயைத் திறக்கக் கூடாது.

ஜெய்லானி இரண்டாம் மாதப் பணம் மொத்தத்துக்கும்
கர்ணப் புறா வாங்கினான்.
மூன்று பறந்து போயின.
ஒன்று தங்கச்சிமடத்தில் யார் வீட்டு மாடியிலோ
இருப்பதாகக் கேள்வி.
அந்தக் கேள்வி மட்டும்தான் உண்டு.

நம்புராஜன் ஐந்நூறுக்கு மேல் எடுக்க மாட்டான்.
'மீதி கெடக்கட்டும்க்கா' என்பான்,
கயிறோடு வாளியைக் கிணற்றில் விட்டு வைத்தவன் போல.
போன மாதம் கச்சான் ஏறி அடித்த இரவில்
படகுக்காரர் ஆள் அனுப்பினார், ஒரு கை குறையுது வா என்று.
முன்பென்றால் முன்பணம் வாங்கியிருப்பான்,
வாங்கிய கை வாயைக் கட்டியிருக்கும்.
இந்தத் தடவை
'வரலண்ணே' என்றிருக்கிறான்.
படகு என்ன ஆயிற்று என்பீர்கள்.
ஒன்றும் ஆகவில்லை.
விடியலில் இறாலோடு திரும்பியது.
'பங்கு ரெண்டாயிரத்து எண்ணூறு, போச்சு'
தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.
அன்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாய் என்றேன்.
'ஒம்பதுக்கு.'
அதை மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்,
புதுச்சட்டையின் விலையைச் சொல்வது போல.

ரஹ்மத் நிசா பணத்தைத் தொடுவதே இல்லை.
நான் நீட்டுவதை அவள் உம்மா வாங்கி
ஆட்டோ நிழலில் காத்திருக்கும்
குழுக் கடன்காரர் கையில் எண்ணிக் கொடுப்பார்.
நிசா ரசீதை மட்டும் கேட்டு வாங்குவாள்.
ஏழு ரசீது சேர்ந்திருக்கிறது.
ரேஷன் கார்டில் தப்பாகக் கிடக்கும் பெயர்
இதில் சரியாக இருக்கிறதாம்.

டெல்மாவுக்குத்தான் மெஷின் மசியாது.
கட்டைவிரல்: மீண்டும் முயற்சிக்கவும்.
ஆள்காட்டி: மீண்டும் முயற்சிக்கவும்.
துப்பட்டா முனையில் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி,
வலது கை முடிந்து இடது கை வந்து,
மீண்டும் முயற்சிக்கவும்.
பதினைந்து வயதில் நண்டுக் கம்பெனிக்குப் போனவள்.
வெந்த ஓட்டை உடைத்து, சதையை உருவி,
ஐஸ்தண்ணீரும் வெந்நீருமாக நாலு வருஷம்.
தட்டுக்குப் பத்து கிராம் குறைந்தாலும் பிடித்தம் என்றதும்
ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள்.
வேலை இல்லாதவள் இவள்தான் என்று காட்ட
விரல் கேட்கிறது மெஷின்.
விரலை வேலை தின்றிருக்கிறது.

வரிசை முணுமுணுக்கிறது.
'சகாயம் மகளை ஒனக்குத் தெரியாதாக்கும்?'
எனக்குத் தெரியும்.
பெட்டிக்குத் தெரிய வேண்டுமே.
ஆறு மாதமும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி
மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி
வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை
பஸ்ஸுக்கே கொடுத்துவிட்டு வருவாள்.

இன்று அவளாகவே
இடது கைச் சுண்டுவிரலை வைத்தாள்.
கத்தி பிடிக்காதது, ஓடு தொடாதது,
மற்ற விரல்களோடு கூடப் போய்
நாலு வருஷமும் சும்மா இருந்துவிட்டு வந்தது.
பச்சை விளக்கு.
'இதையா?' என்று விரலையே பார்த்தாள்.
பிறகு நோட்டுகளை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
எதிர்க்கடையில் ஒரு ரோஸ்மில்க் குடித்தாள்,
ரொம்ப மெதுவாக.

எனக்கு ஒரு ஆளுக்கு ஐந்து ரூபாய் கமிஷன்.
பட்டியலில் நான் இல்லை.
நாற்பது நாள் முந்திப் பிறந்துவிட்டேன்.

சாயங்காலம் கணக்கை மூட
என் கட்டைவிரலை வைக்க வேண்டும்.
வைத்தேன்.
முதல் தடவை பிடிக்கவில்லை.
கையில் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன்.